எங்க ஊருக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வரும்?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் என்னைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வருவாய்த்துறைக்காரன் வீட்டில் தீபாவளிக்கு அதிரசம் சுடுவார்கள். அதை அவன் தின்பது பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸில்தான். என் சர்வீஸில் பாதிக்கு மேல் வட மாவட்டங்களில் ஓடியது. பல மழைக்காலங்களில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி. நீங்கள் 1077-க்கு போன் செய்தால் மணி அடிக்குமே, அந்த அறை.

பெரிய அறை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று டெலிபோன், ஒரு வயர்லெஸ் செட், சுவரில் ஓரம் சுருண்டுபோன மாவட்ட வரைபடம், மேசையில் மூன்று பதிவேடுகள். முதலாவதில் மழை அளவு. காலை எட்டரை மணிக்கு ஒவ்வொரு மழைமானியிலும் எடுத்த கணக்கு. இரண்டாவதில் அணை, பெரிய ஏரிகளின் நீர்மட்டம். மூன்றாவதில் முகாம்கள்: எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர், எத்தனை சாப்பாட்டுப் பொட்டலம். அரசாங்கத்துக்கு மழையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த மூன்றுக்குள் இருப்பதாக நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். ஒரு அம்மா கூப்பிட்டார். ஆற்றோரக் கிராமம்.

“சார், டேம் தொறந்துட்டாங்களாமே. எங்க ஊருக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வரும்?”

நான் இரண்டாவது பதிவேட்டைப் பார்த்துக் கடகடவென்று படித்தேன். இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்பட்டுள்ளது, தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.

“அது மைக்குல சொன்னாங்க சார். எத்தனை மணிக்கு வரும்? எம்மாம் ஒசரம் வரும்? மாட்ட அவுத்து வுடணுமா வேணாமா?”

“லைன்ல இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு இன்னொரு போனில் அணையின் பொறியாளரைப் பிடித்தேன். அவருக்கு அடுத்த அணைக்கட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் நேரம் தெரிந்திருந்தது. இந்தக் கிராமம் அந்த இரண்டுக்கும் நடுவில். “உத்தேசமா ஒரு அஞ்சு மணி நேரம் சார், ஆனா நடுவுல ரெண்டு ஓடை சேருது, அதுல எவ்ளோ வருதுன்னு எனக்குத் தெரியாது” என்றார். அந்த ஓடைகள் ஊராட்சி ஒன்றிய ஏரிகளின் உபரிநீர், பி.டி.ஓ. ஆபீஸைக் கேட்க வேண்டும். அங்கே போனை எடுக்க ஆளில்லை. வி.ஏ.ஓ. போன் சுவிட்ச் ஆஃப். மின்சாரம் இல்லாத ஊரில் சார்ஜ் எங்கிருந்து வரும். நான் அந்த அம்மாவின் லைனுக்குத் திரும்பியபோது அது அறுந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை என்று அறிக்கை வந்தது. மாடுகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அது கால்நடைத்துறையின் அறிக்கை, வேறு படிவம். ஒன்பது மாடு.

பேரிடர் மேலாண்மையில் துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு வேண்டும் என்று யார் மேடையில் பேசினாலும் எனக்கு அந்த போன்தான் ஞாபகத்துக்கு வரும். அன்றைக்கு யாரும் தூங்கிவிடவில்லை. அணைக்காரர் விழித்திருந்தார், நான் விழித்திருந்தேன், மைக் கட்டிய ஆட்டோ ஊருக்குள் போய்வந்திருந்தது. ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்தோம். அந்த அம்மா கேட்ட கேள்வி மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

*

மழையும் புயலும் ஏன் வருவாய்த்துறையின் தலையில் வந்து விழுகிறது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் கேட்பார்கள். வரி வசூலுக்கு ஏற்பட்ட துறைக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்? பதில் தாது வருஷத்தில் இருக்கிறது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தை அழித்த அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் பஞ்ச விதிகளை எழுதினார்கள். ஊர் ஊராக ஆள் வைத்திருந்தது, எந்த நிலத்தில் என்ன விளைந்தது என்று எழுதி வைத்திருந்தது கலெக்டரின் வருவாய்த்துறைதான். அதனால் கஞ்சித்தொட்டியும் நிவாரண வேலையும் அவர்கள் கைக்கு வந்தன. நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் வருவாய் நிர்வாக ஆணையர்தான் மாநிலத்தின் நிவாரணத்துக்குப் பொறுப்பு. மாநிலக் கட்டுப்பாட்டு அறை சேப்பாக்கத்து எழிலகத்தில் இருக்கிறது. அதற்கு எண் 1070.

இந்த வம்சாவளியில் ஒரு கோளாறு உண்டு. பஞ்சம் மெல்ல வரும்; வந்தபிறகு கணக்கெடுத்து, பட்டியல் போட்டு, படியளக்க அவகாசம் இருக்கும். எங்கள் துறையின் மூளையே அப்படித்தான் பழகியிருக்கிறது. குடிசை இடிந்ததா, எத்தனை சதவீதம், பயிர் போச்சா, எத்தனை ஏக்கர். வந்தபிறகு எண்ணுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. வருமுன் ஓடையைத் தூர்வாருவதும், பாலத்தின் கண்ணை அகலப்படுத்துவதும், தண்ணீர் போகிற வழியில் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்காமல் இருப்பதும் வேறு வேறு துறைகளின் கையில். டெல்லியிலும் இதே கதைதான். 2002 வரைக்கும் பேரிடர் என்பது மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பு. பிறகுதான் உள்துறைக்குப் போனது.

தாது வருஷத்து நிவாரண வேலைக்கு ஒரு சாட்சி சென்னையில் இன்னும் இருக்கிறது. பஞ்சம் பிழைக்க வந்தவர்களை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. நிவாரணமாக வெட்டியது பின்னாளில் நகரத்துக்கு வடிகாலாகவும் உதவியது. நூறு வருஷம் கழித்துப் பறக்கும் ரயில் வந்தபோது, கால்வாயை ஒட்டியும் அதற்குள்ளேயும் தூண்கள் இறங்கின. ரயில்காரர்களுக்கு அது காலி இடம், நிலம் எடுக்க வேண்டியதில்லை. நீர்வளத்துறைக்கு அது கால்வாய். மாநகராட்சிக்கு மழைநீர் போய்ச்சேர வேண்டிய இடம். குடிநீர் வாரியத்தின் கழிவுநீரும் எப்படியோ அதில்தான் முடிகிறது. ஒரே பள்ளத்தை ஒவ்வொரு துறையும் தன் கோப்பில் ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கிறது.

*

சட்டம் இல்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை நாகப்பட்டினத்துக்கு நடந்ததற்குப் பிறகு, 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர். செயற்குழுவுக்குத் தலைமைச் செயலாளர். மாவட்டத்துக்குக் கலெக்டர். ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு பேரிடர் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் கலெக்டர் எந்தத் துறையின் ஆளையும் வண்டியையும் கேட்டு வாங்கலாம். சட்டம் படிக்க நன்றாகவே இருக்கும்.

ஆபத்து நேரத்தில் அது வேலையும் செய்கிறது. புயல் சின்னம் உருவானது முதல் கரையைக் கடக்கும்வரை கலெக்டர் சொன்னால் எல்லாத் துறையும் ஓடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மண்டலக் குழுக்கள் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வருவாய், காவல், ஒன்றியம், சுகாதாரம், மின்வாரியம், தீயணைப்பு என்று ஆளுக்கொருவர், ஒரே வண்டி, ஒரே பகுதி. தமிழ்நாடு முழுக்க நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் பாதிக்கக்கூடியவை என்று பட்டியலிட்டு, அவற்றைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறும் முன் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாமுக்குக் கொண்டுபோனது இந்த ஏற்பாடுதான். எதிர்க்கட்சிக்காரர்கள்கூடப் பாராட்டினார்கள். ஆனால் அடுத்த நாளே கதை மாறியது. லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்து கிடந்தது. தென்னை விழுந்து ரோடு அடைத்திருந்தது. மரத்தை வெட்டாமல் கம்பம் நட முடியாது, கம்பம் நடாமல் மின்சாரம் வராது, மின்சாரம் இல்லாமல் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. மூன்று துறை, ஒன்றின் வால் இன்னொன்றின் வாயில். டெல்டா ஜனங்கள் குடத்தை வைத்து ரோட்டை மறித்ததில் நியாயம் இருந்தது.

ஆக, மூன்று நாள் ஒருங்கிணைப்பு எங்களுக்கு வரும். மூன்று மாத ஒருங்கிணைப்பு தட்டுத் தடுமாறி வரும். மூன்று வருஷத்துக்கு என்றால் கோப்பு தொலைந்துவிடும்.

*

இதில் எனக்கு நேரடியாகத் தெரிந்த கதை ஒன்று. ஊர் பெயர் வேண்டாம்.

ஏரிகளைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம்: தமிழ்நாட்டில் முப்பத்தொன்பதாயிரத்துக்கு மேல் ஏரி, குளம், கண்மாய் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே துறையின் கையில் இல்லை. ஆயக்கட்டு, அதாவது ஏரி பாசனம் தரும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். காகிதத்தில் நல்ல பிரிவினைதான். ஆனால் நம் ஏரிகள் தனித்தனியாக உட்கார்ந்திருப்பவை அல்லவே. மேலே உள்ள சின்ன ஏரி நிரம்பி, கலங்கல் என்கிற உபரிநீர் வாய் வழிந்து, அடுத்த ஏரிக்குப் போய், அங்கிருந்து பெரிய ஏரிக்குப் போகும். சங்கிலி. அந்தச் சங்கிலியில் முதல் மூன்று கண்ணி ஒன்றியத்துக்கு, நான்காவது நீர்வளத்துறைக்கு, ஐந்தாவது திரும்பவும் ஒன்றியத்துக்கு என்றிருக்கும். தண்ணீருக்கு ஹெக்டேர் தெரியாது.

நான் சொல்லும் ஊரில் பெரிய ஏரியின் உபரிநீர்க் கால்வாய் மாநில நெடுஞ்சாலைக்குக் கீழே ஒரு சிறுபாலத்தில் நுழைந்து, அந்தப் பக்கம் ஒரு புது நகர் வழியாக ஆற்றுக்குப் போகும். ‘நகர்’ என்று பெயர் வைத்த இடமெல்லாம் பள்ளம் என்பது என் அனுபவ வாக்கு. வருஷா வருஷம் கார்த்திகையில் அங்கே முழங்கால் தண்ணீர். நாங்கள் படகு கொண்டு போவோம், சாம்பார் சாதம் கொடுப்போம், போட்டோ எடுப்போம்.

செப்டம்பரில் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் நடக்கும். நீர்வளத்துறை எழுந்து, “கால்வாய் தூர்வாரியாச்சு சார்” என்றது. உண்மைதான், தன் எல்லைக்கல் வரைக்கும். நெடுஞ்சாலைத்துறை, “பாலத்தில் அடைப்பு நீக்கியாச்சு சார்.” அதுவும் உண்மை. பேரூராட்சி, “உள்தெரு வடிகால் சுத்தம் சார்.” உண்மை. எல்லைக்கல்லுக்கும் பாலத்துக்கும் நடுவில் ஓடைப் புறம்போக்கு என்று எங்கள் கணக்கில் இருந்த ஏறக்குறைய இருநூறு மீட்டர் துண்டில் மட்டும் சீமைக்கருவேலம் தோப்பாக நின்றது. அதைச் சுத்தம் செய்ய எந்தத் துறைக்கும் செலவு எழுதக் கணக்குத் தலைப்பு இல்லை. புறம்போக்கைப் பதிவேட்டில் வைத்துக்கொள்வது எங்கள் வேலை, வெட்டுவது எங்கள் வேலை இல்லை. நான்கு வருஷமாக அந்தக் கூட்டத்தில் எல்லாரும் உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தோம்; நான்கு வருஷமும் அந்த நகர் மூழ்கியது.

ஐந்தாவது வருஷம் சரியானதற்குக் காரணம் எந்த அரசாணையும் அல்ல. ஒன்றியத்துக்கு ஒரு இளம் பொறியாளர் வந்தார், பெண். “சார், ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து மேலேயிருந்து கீழ வரைக்கும் நடந்தா என்ன?” என்று கேட்டார். வைகாசி வெயில். நீர்வளத்துறையில் ஏ.இ. என்கிற உதவிப் பொறியாளர், அவருக்குக் கீழே மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர், நெடுஞ்சாலையில் ஒருவர், எங்கள் சர்வேயர், நான், அந்தப் பொறியாளர். முதல் ஏரியின் கலங்கலில் தொடங்கி ஆறுவரை நடந்தோம். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தது லஸ்கர்தான். எந்த வருஷம் எங்கே உடைத்துக்கொண்டது, யார் எந்த வரப்பை நகர்த்தினார்கள், எந்த மதகின் திருகு துருப்பிடித்துச் சுற்றாது என்று அவருக்கு மனப்பாடம். கூட்டங்களுக்கு அவரை யாரும் கூப்பிட்டதே கிடையாது. அந்த இருநூறு மீட்டரைப் பார்த்ததும் நெடுஞ்சாலைக்காரர், “அட, இதுக்கா இவ்வளவு வருஷம்?” என்றார். நூறு நாள் வேலையில் ஒன்றியம் அதை எடுத்துக்கொண்டது. நான் புறம்போக்கு எல்லையை அளந்து கல் நட்டுக் கொடுத்தேன். அந்தக் கார்த்திகையில் நகருக்குள் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை.

இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பொறியாளருக்கு மாற்றல். எனக்கும் மாற்றல். லஸ்கர் ஓய்வு பெற்றார்; அந்த இடம் நிரப்பப்படவில்லை. பிறகு ரோடு அகலப்படுத்தினார்களாம், பாலத்தின் கண் பழைய அளவிலேயே நீட்டப்பட்டதாம். கேள்விதான், போய்ப் பார்க்க மனம் வரவில்லை.

*

பெரிய அளவில் இதே கதைதான் செம்பரம்பாக்கத்திலும். 24 அடி உயரம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும் நீர்வளத்துறைப் பொறியாளர்கள் கையில். குடிநீர் பக்கம் நின்று பார்த்தால் நவம்பரில் ஏரி ததும்ப ததும்ப இருக்க வேண்டும். அடுத்த சித்திரையில் நகரம் குடத்தோடு நிற்கும் கவலை அவர்களுக்கு. வெள்ளத்தின் பக்கம் நின்றால் அதே நவம்பரில் ஏரியில் காலி இடம் இருக்க வேண்டும். இரண்டுமே நியாயம். இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவே யார் முடிவெடுப்பது, எந்த மழை முன்னறிவிப்பை நம்பி எடுப்பது என்பது 2015 டிசம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய விஷயம். அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. ஏரியிலிருந்து 29,000 கன அடி திறக்க நேர்ந்தது. அது போதாதென்று, ஷட்டரே இல்லாத, கலங்கல் வழியாகத் தானே வழிகிற ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளெல்லாம் அடையாற்றில் வந்து சேர்ந்தன. அவற்றைத் திறந்தது யார் என்று யாரையும் கேட்க முடியாது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே எழுதியது.

கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் பாவம். 2020 நவம்பரில் நிவர் புயலின்போது ஏரி 22 அடியைத் தொட்டதுமே, பட்டப்பகலில், சொல்லிவிட்டு, ஆயிரம் கன அடியில் தொடங்கினார்கள். டி.வி.க்காரர்கள் ஷட்டரின் முன்னால் காத்திருந்து நேரலை காட்டினார்கள். அந்தப் பகல்வெளிச்சம்தான் ஐந்து வருஷத்தில் நாம் கற்ற பாடம். 2021-ல் தி.நகர் மூழ்கியபிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்கள். மழைநீர் வடிகால்களைத் துறைக்கொரு துண்டாகப் பார்க்காமல் ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினால் அது பெரிய மாற்றம்.

ஆனால் 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி நகராமல் உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் 50 செ.மீ. அதற்கு அடுத்த நாள் மேலே ஊத்தங்கரையில் 50 செ.மீ. அது தென்பெண்ணைக்கு வரும் தண்ணீர். வேறு போக்கிடம் கிடையாது. 119 அடி அணையிலிருந்து பின்னிரவில் 1,68,000 கன அடி. கன அடி என்றால் உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் புரியாது, அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி, நொடிக்கு ஏறக்குறைய நானூறு.

முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. எல்லாரும் யார் சொல்வது உண்மை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டும் உண்மையாக இருக்கும் என்றே தோன்றியது. எச்சரிக்கை அணையிலிருந்து கிளம்பியிருக்கும். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று நாலு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் போயிருக்கும். என்னைப் போல ஒருவர் பதிவேட்டில் நேரம் போட்டு எழுதியிருப்பார். தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. என்று வாட்ஸ்அப் குழுவில் இறங்கியிருக்கும். ஏற்கெனவே மழையில் மிதந்துகொண்டிருந்த, கரண்ட் போய் டவர் படுத்திருந்த ஊருக்குள் அது நுழைந்ததா? நுழைந்தாலும், “1.68 லட்சம் கன அடி” என்று நுழைந்ததா, “விடியறதுக்குள்ள உங்க தெருவுல மார்பளவு” என்று நுழைந்ததா?

முன்பெல்லாம் தண்டோரா இருந்தது. 2022-ல் அது மனிதரை இழிவுபடுத்துகிறது என்று அரசு நிறுத்தச் சொன்னது, சரியான முடிவு. அதற்குப் பதில் ஒலிபெருக்கி வைத்த வண்டி. வண்டி போக ரோடு வேண்டும் என்பது மட்டும்தான் என் சந்தேகம்.

*

வானிலை ஆய்வு மையத்தின் வகைகளிலும் எனக்கு ஒரு நெருடல். 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. அதற்குத்தான் சிவப்பு எச்சரிக்கை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 செ.மீ. 21-ம் அதி கனமழை, 95-ம் அதி கனமழை. முன்கூட்டிச் சொன்னீர்களா இல்லையா என்று மாநிலமும் மத்தியும் மோதிக்கொண்டன. எந்த எண்ணுக்கு எந்தக் குளம் உடையும் என்ற கணக்கு இரண்டு பேரிடமும் இல்லை என்பது அந்தச் சண்டையில் அமுங்கிவிட்டது. தாமிரபரணிக் கரையில் குளங்கள் வரிசையாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நிலையத்தைச் சுற்றிக் கடல் மாதிரி தண்ணீர். ரயில்வே மத்திய அரசு, குளம் மாநில அரசு. அந்த ராத்திரி யாருக்கு யார் போன் செய்திருக்க முடியும்?

கடலுக்குள் போனால் இன்னும் மோசம். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் குமரிக்குப் பக்கத்தில் கடந்தபோது, தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கரையை விட்டுப் பல நாள் ஆகியிருந்தன. கரையில் ஏற்றும் புயல் கூண்டு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, செல்போன் எட்டாது. மீன்வளத்துறை, கடலோரக் காவல்படை, கடற்படை, கேரள அரசு என்று எல்லாரும் இருந்தார்கள். எந்தப் படகு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் யாரிடமும் இல்லை. இரண்டு மாநிலத்திலுமாக இருநூறு பேருக்கு மேல் திரும்பவில்லை.

ஒடிசாவைப் பார் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 1999 அக்டோபரின் பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவில் செத்துப்போனார்கள். அந்த வருஷ முடிவுக்குள் பேரிடருக்கென்றே தனி அமைப்பு ஒன்றை உண்டாக்கினார்கள். தேசியச் சட்டம் வருவதற்கு ஆறு வருஷம் முன்பு. 2013-ல் ஃபைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரை நகர்த்தினார்கள். இறப்பு ஐம்பதுக்குக் கீழே. புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியதை எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: அந்த மையங்களைச் சாதாரண நாளில் பள்ளிக்கூடமாக நடத்துகிறார்கள். ஆபத்துக்கென்று மட்டும் கட்டிப் பூட்டிவைத்த கட்டடத்தின் சாவி ஆபத்து நேரத்தில் கிடைக்காது. எங்கள் பக்கம் ஒரு பல்நோக்கு மையத்தின் பூட்டை உடைத்துத்தான் ஒரு ராத்திரி ஜனங்களை உள்ளே விட்டேன். பூட்டுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, அது வேறு கதை.

பணம் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. பதினைந்தாவது நிதிக் குழு பேரிடர் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை வருமுன் செய்யும் தணிப்பு வேலைக்கென்றே ஒதுக்கச் சொன்னது. கஞ்சிக்கு இல்லாமல் கால்வாய்க்கு என்று தனியாகப் பணம் வருவது தாது வருஷத்து மூளைக்குப் புதிது. 2025-ல் சட்டத்தைத் திருத்தி மாநகரங்களுக்குத் தனிப் பேரிடர் ஆணையம் வைக்க வழி செய்திருக்கிறார்கள். நல்லதுதான். இன்னொரு மேசை, இன்னொரு பதிவேடு என்று ஆகிவிடாமல் இருக்க வேண்டும்.

*

ஓய்வு பெற்றபிறகு ஒரு கல்யாணத்துக்காக அந்த ஆற்றோரம் போனேன். முகூர்த்தம் முடிந்து வெயில் தாழக் கரையில் நடந்தபோது ஒரு பெட்டிக்கடை வாசலில் மின்கம்பத்தைப் பார்த்தேன். அதில் தாரால் மூன்று கோடு, பக்கத்தில் வருஷம். கடைக்காரர் பெரியவர். இதெல்லாம் யார் போட்டது என்றேன்.

“நாங்கதான் சார். வருஷா வருஷம் தண்ணி நின்ன எடம்.”

பேச்சுக் கொடுத்தேன். மேலே இருக்கும் அணைக்கட்டில் அவர் மச்சான் ஊர்க்காரர் ஒருவர் வேலை பார்க்கிறாராம். அங்கே இருக்கும் கல் அளவுகோலில் தண்ணீர் ஏழடியைத் தொட்டால் இவருக்கு ஒரு மிஸ்டு கால். அதிலிருந்து நாலு மணி நேரத்தில் இங்கே பிள்ளையார் கோயில் மூணாம் படி நனையும். எட்டரை தொட்டால் மூன்று மணி நேரம்தான், கம்பத்தில் நடுக்கோடு. வடக்கு ஓடையும் சேர்ந்து வந்தால் அரை மணி நேரம் கழித்துக்கொள்ள வேண்டும். முதலில் மாடு, அப்புறம் வயசானவங்க, அப்புறம் மற்றவர்கள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தானாம், ஒரு மாடுகூடப் போகவில்லையாம்.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அந்த ஏழடியும் நாலு மணியும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று எனக்குத் தெரியும்; மூன்றையும் கையால் எழுதியவன் நான். ஊருக்குத் திரும்பியதும் சுத்தமாக ஒரு தாளில் படம் வரைந்து, பழைய ஆபீஸுக்கே எடுத்துக்கொண்டு போனேன். நான் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு தம்பி இருந்தார். மரியாதையாக எழுந்து நின்று, டீ சொல்லி, தாளை இரண்டு முறை கவனமாகப் படித்தார். நல்ல பையன்.

“ரொம்ப உபயோகமா இருக்கும் சார்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “இதை எந்தத் துறைக்கு சார் அனுப்பணும்?” என்று கேட்டார்.